ஏரியா பிரிக்கும் வியாதி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். நெட்வொர்க் வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. காபி குடித்து முடித்ததும் லேப்டாப்பைத் திறந்தான்.

"மாமா, ஒரு டிசைன் போட்டிருக்கேன். ஒரு பார்வை பாருங்க. நாளைக்கு மேனேஜருக்குக் காட்டணும்."

பார்த்தேன். மொத்தம் 74 ரூட்டர். அதை ஒன்பது ஏரியாவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தான். மார்கழிக் கோலம் மாதிரி அழகாகத்தான் இருந்தது.

"எதுக்குடா ஒன்பது?"

"சேல்ஸ் ரீஜன் ஒன்பது மாமா."

"அது சரி, எதுக்குப் பிரிக்கணும்?"

"ஏரியா பிரிக்கறதுதானே மாமா பெஸ்ட் பிராக்டிஸ்?"

மாத்திரை போட்டிருந்தும் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. கோபம் அவன் மேல் இல்லை. இதே பதிலை 2002-ல் நான் ஒருவரிடம் சொன்னேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

என் ஊர்க்கதைகளைப் படிக்க வருகிறவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியா பிரிப்பது ஒழுங்கு இல்லை. ஒரு ரூட்டருக்குத் தெரியவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதற்குப் பெயர்தான் ஏரியா. மறைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் மறையுங்கள். அதுவரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் அடிப்படை. தெரியாத ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறோம். இரண்டு வழி உண்டு. பெட்டிக்கடையில் கேட்கலாம். "நேரா போங்க, ஆலமரத்துக்கிட்ட இன்னொருத்தரைக் கேளுங்க" என்பார் கடைக்காரர். அவருக்கே அது அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். நெட்வொர்க்கில் இதற்கு டிஸ்டன்ஸ் வெக்டர் என்று பெயர். இன்டர்நெட்டின் மூதாதையான ஆர்ப்பாநெட் 1969-ல் தொடங்கியபோது இப்படித்தான் ஓடியது. யாராவது ஒருவர் தப்பாகச் சொன்னால் எல்லோரும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, கையில் முழு வரைபடம் வைத்துக்கொள்வது. 1979-ல் ஆர்ப்பாநெட் இந்த முறைக்கு மாறியது. ஒவ்வொரு ரூட்டரும் தன்னோடு நேரடியாகச் சேர்ந்த லைன்களைப் பற்றி மட்டும் ஒரு சீட்டு எழுதும். அந்தச் சீட்டை எல்லா ரூட்டரும் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். அதை வைத்து அவரவர் குறுகிய பாதையைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இதுதான் லிங்க் ஸ்டேட். கணக்குப் போடும் முறை டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரருடையது. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடு கடைவீதி சுற்றிவிட்டு, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் மனசுக்குள்ளேயே போட்ட கணக்கு அது. 1959-ல் அச்சில் வந்தது. இன்றும் ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் என்ற இரண்டு பெரிய ரூட்டிங் முறைகளும் அதில்தான் ஓடுகின்றன.

இவ்வளவு நல்ல முறையில் ஏரியா எங்கிருந்து வந்தது? வரைபடம் பெரிதானால் அதை வைத்துக்கொள்ள மெமரி வேண்டும், கணக்குப் போட நேரம் வேண்டும். 1977-லேயே கிளைன்ராக், கமூன் என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். நெட்வொர்க்கை அடுக்கடுக்காகக் குழுக்களாகப் பிரித்து, பக்கத்தில் இருப்பதை விவரமாகவும் தூரத்தில் இருப்பதை மொத்தமாகவும் தெரிந்துகொண்டால், 1000 முனைகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் சுமார் 19 வரி நினைவில் வைத்தால் போதும். பதிலுக்குப் பாதை கொஞ்சம் சுற்றலாம். நெட்வொர்க் மிக மிகப் பெரிதாக இருந்தால் அந்தச் சுற்று ஒரு பொருட்டே இல்லை என்றும் காட்டினார்கள். 'மிகப் பெரிதாக இருந்தால்' என்பதை அடிக்கோடு போட்டு வையுங்கள். நம் ஆட்கள் மறந்துபோனது அதைத்தான்.

ஜான் மாய் எழுதிய ஓஎஸ்பிஎஃப் 1989-ல் முதல் வடிவமும் 1991-ல் இரண்டாம் வடிவமும் கண்டது. தொண்ணூறுகளில் நாங்கள் புழங்கிய ரூட்டர்களில் 20 மெகாஹெர்ட்ஸ் செயலியும் சில மெகாபைட் மெமரியும்தான் இருக்கும். ஒரு லைன் விழுந்து எழுந்தால் பாவம் அது மூச்சு வாங்கும். அப்போது பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுத்த விதி, ஒரு ஏரியாவில் 50 ரூட்டருக்கு மேல் வேண்டாம் என்பது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான விதி. இன்று நூறு ரூட்டர் கொண்ட வரைபடத்துக்குக் கணக்குப் போட மில்லி விநாடிகள் போதும். பெரிய இன்டர்நெட் நிறுவனங்கள் பல, நூற்றுக்கணக்கான ரூட்டர்களை ஐஎஸ்-ஐஎஸ்ஸில் ஒரே அடுக்காகவே ஓட்டுகின்றன. விதி பிறந்த காரணம் செத்துப்போன பிறகும் விதியை மட்டும் தூக்கிச் சுமக்கிறோம்.

அடுக்கு முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தபால் துறையின் பின்கோடைப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். டெல்லியில் கடிதம் பிரிக்கிறவர் 6-ஐப் பார்த்துத் தெற்கே தள்ளினால் போதும். 638 என்றால் ஈரோடு என்பது தெற்கே வந்த பிறகு தெரிந்தால் போதும். பவானியில் எந்தத் தெரு என்பது பவானித் தபால்காரருக்குத் தெரிந்தால் போதும். இது ஏன் வேலை செய்கிறது? எண் ஊரை ஒட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து எண். அதனால்தான் ஒரே எண்ணில் ஒரு பிராந்தியத்தையே அடக்க முடிகிறது. ரூட்டிங்கில் இப்படி அடக்குவதைச் சம்மரி என்போம்.

இப்போது, விண்ணப்பம் வந்த வரிசையில் கண்டபடி பின்கோடு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டெல்லிக்காரர் ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். பிராந்தியம் பிரித்தும் பிரயோஜனம் இல்லை. நான் பார்த்த நெட்வொர்க்குகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். முகவரிகள் தாறுமாறு, சம்மரி கிடையாது, ஆனால் ஏரியா மட்டும் ஏழெட்டு. சம்மரி இல்லாவிட்டால் ஒரு ஏரியாவில் ஒரு கிளை விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தி எல்லா ஏரியாவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். முழு வரைபடக் கணக்கு மட்டும் மிச்சம். அதுதான் மில்லி விநாடி சமாச்சாரம் ஆகிவிட்டதே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெட்டிக்கடையில் வழி கேட்கும் முறை வேண்டாம் என்றுதானே வரைபடத்துக்கு மாறினோம்? ஏரியா எல்லைக்கு வந்ததும் வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் இவ்வளவு தூரத்தில் இன்ன ஊர் இருக்கிறது, நம்பிப் போ" என்கிறது ஓஎஸ்பிஎஃப். அதாவது ஏரியாக்களுக்கு நடுவே அது மறுபடியும் டிஸ்டன்ஸ் வெக்டர்தான். சுற்றிச் சுற்றி வரும் பழைய வியாதி திரும்ப வரக்கூடாது என்றுதான், எல்லா ஏரியாவும் ஏரியா ஜீரோவைத் தொட்டே ஆகவேண்டும் என்று கட்டளை. தொடாத ஏரியாவுக்கு விர்ச்சுவல் லிங்க் என்று ஒரு ஒட்டுப்போடும் வேலை. ஐஎஸ்-ஐஎஸ்ஸிலும் இதே கதைதான். லெவல் ஒன்றில் இருக்கும் ரூட்டருக்கு வெளியுலகம் எதுவும் தெரியாது. பக்கத்தில் எந்த வாசல் இருக்கிறதோ அதில் வெளியேறும், அந்த வாசல் எதிர்த்திசையில் இருந்தாலும் சரி. இதைச் சரிசெய்ய, மறைத்த தகவலைத் திரும்ப உள்ளே கசியவிடும் ஏற்பாடு ஒன்றை 2000-ல் எழுதினார்கள். வேலி போட்டுவிட்டு வேலியில் ஓட்டை போடுவதற்கும் ஒரு விதிமுறை!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2002-ல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் 42 ரூட்டர்கள். நான்தான் டிசைன். நிர்வாகம் மண்டலம் மண்டலமாக இருந்ததால் நானும் ஏரியாவை அப்படியே பிரித்தேன். சேலமும் ஈரோடும் மேற்கு மண்டலம், ஆகவே ஏரியா 2. ஆனால் சேலத்து லைன் சென்னைக்கு வந்தது, ஈரோட்டு லைன் கோவைக்குப் போனது, இரண்டும் 2 எம்பி. சென்னைக்கும் கோவைக்கும் நடுவே 34 எம்பி லைன், அது ஏரியா ஜீரோ. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே நேரடி லைன் எதுவும் கிடையாது. படத்தில் ஒரே நிறம் அடித்திருந்தேனே தவிர, ஏரியா 2 உண்மையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

ஏரியா 2-க்குச் சம்மரி போட்டுப் பார்த்தேன். பாதிக் கிளைகள் காணாமல் போயின. காரணம் எளிது. "ஏரியா 2 முழுதும் என்னிடம்" என்று சென்னையும் சொல்கிறது, கோவையும் சொல்கிறது. ஈரோட்டுக்குப் போகவேண்டிய பாக்கெட் சென்னைக்கு வந்தால், சென்னைக்கு ஈரோடு தெரியாது, குப்பையில் போட்டுவிடும். நிர்வாக எல்லையும் லைன் ஓடும் எல்லையும் வேறு வேறு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சம்மரியை எடுத்துவிட்டு, துண்டுகளை ஒட்ட சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஒரு 64 கேபி லைன் வாங்கினேன். ஆபத்துக்குக் காப்பாகவும் இருக்கும் என்று நிர்வாகத்திடம் சொன்னேன்.

என் கீழே ஒரு தம்பி வேலை பார்த்தார். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். லைனை ஏற்றச் சொன்னபோது தயங்கினார்.

"சார், இந்த லைன் வந்தா ஈரோட்டு டிராஃபிக் எல்லாம் இதுல வந்துடும் சார்."

"எப்படிப்பா வரும்? இது காஸ்ட் 1562. கோவை வழியா வந்தா 2-ம் 48-ம் சேர்ந்து 50. எது கம்மி?"

"காஸ்ட்டே பார்க்காது சார். ஒரே ஏரியாவுக்குள்ள வழி இருந்தா அதுதான் ஜெயிக்கும். எல்லாத்தையும் ஏரியா ஜீரோவுல போட்டுடலாம் சார். 42 ரூட்டர்தானே?"

"ஏரியா பிரிக்கறதுதான்ப்பா பெஸ்ட் பிராக்டிஸ். சொன்னதைச் செய்."

சனிக்கிழமை ராத்திரி செய்தார். திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. பத்து மணிக்கு ஈரோட்டிலிருந்து போன் மேல் போன். பில் போடும் திரை ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம். கோவையிலிருந்து பார்த்தால் ஈரோடு ஜம்மென்று இருக்கிறது. ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகும் வழியும் சரி, கோவை வழியாக வேகமாகத்தான் வருகிறது. சென்னையிலிருந்து திரும்பும் வழி மட்டும் சேலம் போய், அங்கிருந்து 64 கேபி லைனில் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. சென்னை ரூட்டரும் ஏரியா 2-ல் ஒரு கால் வைத்திருந்தது அல்லவா? ஏரியாவுக்குள்ளேயே ஒரு வழி கிடைத்ததும், 50-ஐ விட்டுவிட்டு 1610-ஐப் பிடித்துக்கொண்டது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பதற்காக நெடுஞ்சாலையை விட்டு வரப்பில் லாரி ஓட்டின கதை. காப்புக்காக வாங்கின லைனே கழுத்தை இறுக்கியது.

மதியம் மூன்று மணிக்கு அந்தத் தம்பியே லைனை இறக்கினார். ஈரோடு பிழைத்தது. சாயங்காலம் மீட்டிங். "சனிக்கிழமை மாற்றம் செய்தது யார்?" என்று கேட்டார்கள். பதிவேட்டில் இருந்தது அவர் பெயர். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த வருட இன்கிரிமென்ட் போயிற்று. ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன விதி 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2328-லேயே இருக்கிறது. டிசைன் போட்ட நான் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை, படித்தவர் வாயை அடைத்தேன். 2008 மே மாதம் ஆர்எஃப்சி 5185 வந்தது. ஒரே லைனை இரண்டு ஏரியாவிலும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி. எதற்காக என்று பார்த்தால், எங்கள் ஈரோட்டுக் கதையேதான். ஏரியா ஜீரோவில் வேகமான லைன் இருந்தும் ஏரியாவுக்குள் இருக்கும் மெதுவான லைனில் டிராஃபிக் போகிறதே, அதற்கு மருந்து. உலகத்துக்கே இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. படித்துவிட்டு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எல்லா ரூட்டரையும் ஏரியா ஜீரோவுக்கு மாற்றினேன். அப்போது 61 ரூட்டர் இருந்தன. விடிய விடியக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரிட்டயர் ஆகும்வரை ஒன்றும் ஆகவில்லை.

எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று தெரியும். அவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான், பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் வாதம், ஒரு இடத்தில் தீ பிடித்தால் மற்ற இடத்துக்குப் பரவாமல் ஏரியா தடுக்கும் என்பது. கனமான வாதம். 1980 அக்டோபர் 27-ல் ஒரு கருவியின் மெமரிக் கோளாறால் வரிசை எண் கெட்ட சீட்டுகள் கிளம்பி, ஒன்றை ஒன்று 'நான்தான் புதிது' என்று துரத்திக்கொண்டு ஆர்ப்பாநெட் முழுவதையும் மணிக்கணக்கில் படுக்க வைத்தன. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த நோய்க்குக் கண்ட மருந்து வேறு. சுற்றிச் சுற்றி வராத வரிசை எண், கெட்டுப்போன சீட்டைக் கண்டுபிடிக்கும் செக்சம், ஒரு மணி நேரத்துக்குமேல் எந்தச் சீட்டும் வாழாது என்ற கெடு. இவை மூன்றும் ஓஎஸ்பிஎஃப்பில் இருக்கின்றன. இன்னொன்று, இன்றைக்கு வீடு எரிவது பெரும்பாலும் எப்படி? வெளியிலிருந்து வரும் பாதைகளை யாரோ கைதவறி ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொட்டிவிடுவார்கள். அந்த டைப் 5 சீட்டுகளுக்கு ஏரியா எல்லையே கிடையாது. ஸ்டப் வகை ஏரியாக்களைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். ஒன்பது நிறம் அடித்தாலும் வெந்துதான் போகும்.

இரண்டாவது வாதம், நாளைக்கு வளர்ந்தால் என்ன செய்வது என்பது. வளரட்டும். இன்றைக்குச் செய்யவேண்டியது முகவரிகளைப் பின்கோடு மாதிரி ஒழுங்காகக் கொடுத்து வைப்பது. அது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். அது இல்லாமல் இன்றே பிரித்தாலும் பயன் இல்லை.

மூன்றாவது, படம் பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்பது. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

அப்படியானால் எப்போதுதான் பிரிக்கலாம்? ரூட்டர்கள் பல நூறைத் தாண்டி, கணக்குப் போடும் நேரத்தை அளந்து பார்த்து, அது உண்மையிலேயே இடிக்கிறது என்றால் பிரியுங்கள். ஓரத்தில் அடிக்கடி விழுந்து எழும் லைன்களும் திராணி இல்லாத சின்னக் கருவிகளும் இருந்து, வெளியே போக ஒரே வாசல்தான் என்றால் தாராளமாக ஸ்டப் ஏரியா போடுங்கள். ஒரே வாசல் இருக்கும் இடத்தில் மறைப்பதால் நஷ்டம் இல்லை. ஆனால் உள்ளே முகவரி ஒரே கொத்தாக இருக்க வேண்டும், ஒரு லைன் அறுந்தாலும் ஏரியா இரண்டாக உடையக் கூடாது. எம்பிஎல்எஸ் ஓடும் இடமாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அங்கே வழக்கமாக ஒவ்வொரு முனை ரூட்டரின் முகவரியும் தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும். சம்மரியில் அதை அடக்கினால் பாதை அறுந்துபோகும். சம்மரியே போட முடியாத இடத்தில் ஏரியா எதற்கு?

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொன்னேன். ஈரோட்டுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"மாமா, நீங்க சொல்றது சரிதான். ஆனா ஒரே ஏரியான்னு எழுதிக்கிட்டுப் போனா, இவனுக்கு டிசைன் தெரியாதுன்னு மேனேஜர் நினைப்பார்."

"ஒவ்வொரு ஏரியாவுக்கும் நேரா, இதுல எதை மறைக்கிறோம், மறைச்சதால என்ன லாபம்னு ரெண்டு வரி எழுது. எழுத முடியாத ஏரியாவை அழி. மிச்சம் எவ்வளவு இருக்கோ அதை எடுத்துக்கிட்டுப் போ. கேட்டால் உன்கிட்ட பதில் இருக்கும்."

ராத்திரி வாட்ஸ்அப்பில் புதுப் படம் அனுப்பினான். ஒன்பது, இரண்டாகியிருந்தது. மலைப்பக்கம் ரேடியோ லைனில் தொங்கும் பன்னிரண்டு கருவிகளுக்கு மட்டும் ஒரு ஸ்டப் ஏரியா, மற்றதெல்லாம் ஏரியா ஜீரோ. என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டான்.

"இதை முதல்ல சொன்ன தம்பி இப்ப எங்க மாமா?" என்று கீழே கேட்டிருந்தான்.

எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பழைய நண்பர் ஒருவரிடம் அவருடைய நம்பரும் இருக்கிறது. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. அதைச் செய்ய எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தப் பதிவை முதலில் அவருக்கு அனுப்புகிறேன். தம்பி, அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. தப்பு என்னுடையது.